மீன் கழுவின தண்ணி

மார்ச் 3, திங்கள்

பெட்டிக்காரிக்கு,

க்ளோக் ரூம்காரன் சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையற்காரர் எழுதுவது. இங்கே நான் நலம், அடுப்பு நலம், குழாயில் தண்ணீர் நலம். உன் நாற்காலி மட்டும் என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே நீ எப்படி, உன் தங்கையின் முழங்கால் எப்படி?

'போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். உங்க வாய் முந்திக்கும். சொல்ல வேண்டியத எழுதி அனுப்புங்க. இன்னொருத்தர் கை வழியா வர்றதுக்குள்ள கொஞ்சமாவது ஆறும்' என்று வாசலில் நின்று சொன்னாய். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கு எழுதும் தண்டனை கொடுத்தவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். சரி, ஏற்றுக்கொண்டேன். கடிதத்துக்கு இரண்டு டீ என்று தையற்காரரோடு பேச்சு.

(இது தையற்காரர். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். சில இடங்களில் மட்டும் ஓரம் மடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது.)

நடந்ததை நான் மறுக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்தி இருவரும் முதல் தடவையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கப்பலில் சமையல்காரராக இருக்கும் மாப்பிள்ளை அனுப்பிய ஜப்பான் சாமான்களை வைத்து, அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, இறாலும் மட்டிச் சிப்பியும் கணவாயும் போட்ட அந்த நூடுல்ஸ் சூப்பைக் காலையிலிருந்து கால்கடுக்க நின்று வைத்தாய். அதில் ஒரு கரண்டியை வாயில் ஊற்றி, சம்பந்திகள் காது கேட்க, 'மீன் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு' என்றேன். சம்பந்தி சிரித்துவிட்டார். சம்பந்தியம்மாவும் சிரித்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நீ சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பெட்டியோடு இறங்கிவிட்டாய். முப்பத்தெட்டு வருஷம் ரயில் நிலையத்தில் ஊரார் பெட்டி ஒன்றுகூடத் தொலையாமல் காத்தவன், சொந்த வீட்டுப் பெட்டி படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாய் தவறிவிட்டது. அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிறு மதியம், சம்பந்தி இருவரையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். அதே மேசை, அதே கிண்ணம், அதே சூப். சமைப்பது நான். நீயும் வந்து உட்கார்ந்து, என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

செய்முறைத் தாளை அனுப்பு. இல்லை என்று சொல்லாதே. நீ பெட்டி அடுக்கியதைப் பார்த்தேன். முதலில் பச்சைத் துண்டு, அப்புறம் மருந்து டப்பா, மூன்றாவது அந்தத் தாள், நாலாக மடித்து.

இப்படிக்கு,
க்ளோக் ரூம்

&nbsp;

மார்ச் 8, சனி

என்னங்க,

கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் பரவாயில்லை. உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அதில் கொஞ்சம் வலி மறந்தாள். என் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன், தையற்கார அண்ணன் நிறுத்தி நிதானமாக வாசிக்கவும்.

நான் கோபித்துக்கொண்டு வந்தது சூப்புக்காக இல்லை. நாற்பத்தொரு வருஷத்தில் நீங்கள் என் சமையலைப் பற்றிச் சொல்லாத வார்த்தை இல்லை. 'உப்புக்கு இன்னிக்கு லீவா'ன்னு கேட்டிருக்கீங்க. 'இது கறியா, செருப்புத் தோலா'ன்னு கேட்டிருக்கீங்க. நானும் சும்மா வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை, இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் நம் நாலு சுவருக்குள். மூன்றாம் மனுஷர் முன்னால் என்னை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன்? அதுதான் எனக்குத் தெரியவேண்டும். 'வாய் தவறிவிட்டது' என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் வாய் எனக்குத் தெரியும். அது முந்தும், தவறாது.

தாளை அனுப்பமாட்டேன். முழுசாக அனுப்பினால் ஒரே நாளில் வைத்து இறக்கிவிட்டு நல்ல பிள்ளை ஆகிவிடுவீர்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு படி, அவ்வளவுதான். அதற்கும் முன்னால் ஒரு பரீட்சை. அன்றைக்கு அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே, நான் என்னென்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (காகிதத்தில் உள்ளபடி)

&nbsp;

மார்ச் 12, புதன்

காகிதத்தில் உள்ளபடி என் மனைவிக்கு,

க்ளோக் ரூம்காரனிடமே ஞாபகப் பரீட்சையா? டோக்கனில் எழுதியிருப்பதை என்னால் படிக்க முடியாது என்பதால்தானே, பெட்டி கேட்டு வருகிறவர்களிடம் 'உள்ளே என்ன இருக்கு, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க' என்று கேட்கும் பழக்கம் வந்தது. சொன்னதும் முகத்தோடு சேர்த்துப் பெட்டியை எடுத்துக் கொடுப்பேன். நீயும் ஒரு நாள் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாய். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, 'மேல ஒரு தேன் பாட்டில். அது ஒடஞ்சிருந்தா கீழ இருக்கிறது பூரா எறும்புக்குத்தான், எனக்கு வேண்டாம்' என்றாய். உடையவில்லை. அன்றிலிருந்து நீ பெட்டிக்காரி.

பரீட்சைக்கு விடை எழுதிக்கொள். காலை எட்டரைக்கு மட்டியை உப்புத் தண்ணீரில் போட்டாய், மண் கக்கட்டும் என்று. அப்புறம் இறாலைத் தலை வேறு உடம்பு வேறாக ஆய்ந்தாய். கணவாயை வளையமாக நறுக்கினாய், பதினெட்டு வளையம், ஒன்று கீழே விழுந்தது, கழுவிச் சேர்த்துக்கொண்டாய், நான் பார்க்கவில்லை என்று நினைத்து. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கறுப்பாகத் தோல் பெல்ட் மாதிரி இருந்த கடற்பாசித் தகட்டைப் போட்டாய். அது தளதளவென்று கொதிக்கும்போது உன் தங்கை போன் பண்ணினாள். முழங்கால், டாக்டர், மறுபடி முழங்கால் என்று பேசிக்கொண்டே நின்றாய். அப்புறம் மரச்சீவல் மாதிரி எதையோ ஒரு பிடி போட்டு வடிகட்டினாய். இறால் தலையை எண்ணெயில் வதக்கியபோது வீடெல்லாம் மணந்தது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். நூடுல்ஸை வேறு பாத்திரத்தில் வேகவைத்தாய். பன்னிரண்டே முக்காலுக்குச் சம்பந்திகள் வந்தார்கள். எல்லாரும் மேசையில் உட்கார்ந்தோம். என் முன்னால் ருசி பார்க்க ஒரு கரண்டி சூப் வைத்தாய். அடுப்புப் பக்கம் திரும்பித் தாளை எடுத்தாய்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

(தையற்காரர்: இதையெல்லாம் ஒரு முறைகூட நிறுத்தாமல், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நான்தான் மூன்று இடத்தில் பேனாவை உதற வேண்டியிருந்தது.)

பரீட்சையில் தேறிவிட்டேனா? முதல் படியை அனுப்பு.

க்ளோக் ரூம்

&nbsp;

மார்ச் 17, திங்கள்

என்னங்க,

தேறினீர்கள், ஒரு கேள்வியில் மட்டும் முட்டை. தாளை எடுத்தேன் என்றீர்கள். அடுத்து 'எல்லாருக்கும் தெரியும்' என்று தாண்டிவிட்டீர்கள். கீழே விழுந்த கணவாய் வளையம் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷன், தாளுக்கும் அந்த வார்த்தைக்கும் நடுவில் நடந்ததை மட்டும் ஏன் விட்டுவிட்டார்? உங்கள் ஞாபகத்தில் ஓட்டை விழாது. நீங்களாகத்தான் அதன்மேல் எதையோ போட்டு மூடுகிறீர்கள்.

இருந்தாலும் பேச்சு பேச்சுதான், இதோ முதல் படி. கடற்பாசித் தகட்டை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். அப்புறம் சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் குட்டிக் குமிழி கிளம்பினதும் தகட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். கொதிக்கவே விடக் கூடாது. கொதித்தால் வழவழவென்று ஆகி, வாடை வந்துவிடும் என்று மாப்பிள்ளை கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறார். தகட்டை எடுத்தபின் அடுப்பை அணைத்து, காய்ந்த மீன் சீவலை இரண்டு பிடி போட்டு, அது அடியில் இறங்கும் வரை விட்டு வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

சீவல் வந்த பாக்கெட் கிழிந்துபோயிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் டப்பாவில் மாற்றி வைத்தேன். மேல் தட்டில், மீன் படம் போட்ட வட்ட டப்பா.

நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது என்று தங்கச்சி சொல்கிறாள். எனக்கு வரவில்லை. விரலை நறுக்கிக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

&nbsp;

மார்ச் 21, வெள்ளி

மனைவிக்கு (அடைப்புக்குறி போய்விட்டதைக் கவனித்தேன்),

இந்தக் கடிதத்தைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டாதே.

போன வாரம் செவ்வாயன்று நான் கணவாய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தபோது, மாடிவீட்டு நர்ஸம்மா அவசரமாக வெளியூர் கிளம்பியிருக்கிறது. அதன் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருக்கும் ஆறு சிவப்பு மீனையும் நம் அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு, 'தீனி மேல் தட்டுல இருக்கு, தினம் ஒரு சிட்டிகை போடச் சொல்லுங்க' என்று தையற்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிற்று. வைத்ததை என் கண்ணால் பார்த்திருந்தால் பிசகியிருக்காது. நான் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்தது. மேல் தட்டைப் பார்த்தேன். மீன் படம் போட்ட வட்ட டப்பா இரண்டு இருந்தது. பெரிது ஒன்று, சின்னது ஒன்று. இரண்டிலும் சீவல், இரண்டிலும் மீன் வாடை. நானும் யோசித்தேன். சிட்டிகை போடுகிற சாமான் சின்ன டப்பாவில்தானே இருக்கும், பிடி போடுகிற சாமான் பெரிய டப்பாவில்தானே இருக்கும். கணக்குச் சரி. பெரிய டப்பாவிலிருந்து இரண்டு பிடி அள்ளிச் சூப்பில் போட்டேன். அன்றைக்கு நீ போட்டது இவ்வளவு சிவப்பாக இல்லையே என்று என் ஞாபகம் சொல்லத்தான் சொன்னது. ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கிறதே. வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஞாபகத்தை ஒதுக்கிவிட்டு எழுத்தை நம்பினேன். அதன் பலன் இது.

சூப் நன்றாகவே இருந்தது. தையற்காரருக்கும் கொடுத்தேன்.

(தையற்காரர்: நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். இரண்டாவது நானாகக் கேட்டு வாங்கியது. அதற்குமேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.)

நேற்றுக் காலை நர்ஸம்மா திரும்பி வந்தது. பெரிய டப்பாவைத் திறந்து பார்த்து, 'பெரியப்பா, மூணு மாசத் தீனி இது. எல்லாத்தையும் போட்டுட்டீங்களா? மீனுங்க செத்திருக்கணுமே' என்றது. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வாரமாக அவை கப்பலில் வந்த ஜப்பான் சாப்பாடு சாப்பிட்டிருக்கின்றன. தண்ணீர் மட்டும் கொஞ்சம் கலங்கல். கன்னம் உப்பி, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நிதானமாகச் சுற்றி வருகின்றன. இப்போது நர்ஸம்மா போடும் தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

நான் கேட்கிறேன், தக்காளி படம் போட்ட டப்பாவில் தக்காளி இருக்கிறது. சோளம் படம் போட்டால் சோளம் இருக்கிறது. மீன் படம் போட்டுவிட்டு உள்ளே மீனுடைய சாப்பாட்டை வைத்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? தக்காளிப் படம் போட்டுவிட்டுத் தக்காளிக்குப் போடும் உரத்தையா அடைக்கிறார்கள்?

அடுத்த படியை அனுப்பு. நல்ல சீவல் இன்னும் ஒரு தடவைக்கு இருக்கிறது.

க்ளோக் ரூம்

&nbsp;

மார்ச் 25, செவ்வாய்

என்னங்க,

தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வீட்டுக்காரர் எழுந்துவந்து என்ன சத்தம் என்று கேட்டார், அவருக்கும் ஒரு முறை. தையற்கார அண்ணனுக்கு வயிறு எப்படி இருக்கிறது? நிஜமாகவே கேட்கிறேன்.

இரண்டாம் படி. இறால் தலைகளை எண்ணெயில் சிவக்க வதக்கி, கரண்டியால் நசுக்கி, அந்த அஸ்திவாரத் தண்ணீரில் சேர்த்துக் கால் மணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். மட்டியைப் போட்டு மூடினால் தானாக வாயைத் திறக்கும். திறக்காததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், எவ்வளவு நேரம் வைத்தாலும் அது திறக்காது. இறால் உடம்பு இரண்டு நிமிஷம், கணவாய் ஒரே நிமிஷம். அதிகமாக விட்டால் ரப்பர்.

வாய் திறக்காத மட்டியைப் பற்றி எழுதும்போது உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. மூன்றாவது படி ஒன்றுதான் பாக்கி. தாளை எடுத்தேன். அப்புறம்? அதைச் சொன்னால் அனுப்புகிறேன். சொல்லாவிட்டால் அந்த மீன்களையே விருந்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

&nbsp;

மார்ச் 28, வெள்ளி

பெட்டிக்காரிக்கு,

இன்றைக்குத் தையற்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், ஓரம் எதையும் மடிக்காமல் எழுத வேண்டும் என்று.

நான் சொல்லாமல் இருந்தது என் மானத்துக்காக மட்டும் இல்லை. சொன்னால் நீ இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். என்மேல் கோபமாக நடமாடிக்கொண்டிருப்பது நல்லது, உன்மேல் கோபமாக உட்கார்ந்துவிடுவதைவிட. அதனால்தான் வாய் தவறியது என்றேன். நீ விடமாட்டேன் என்கிறாய். சரி.

தாளை எடுத்தாய். உன் கை இரண்டும் ஈரம், நூடுல்ஸ் வடிகட்டிக்கொண்டிருந்தாய். தாளை என் பக்கம் நீட்டி, 'என்னங்க, அந்தக் கடைசி வரிய மட்டும் வாசிங்க, கை ஈரமா இருக்கு' என்றாய்.

வேறு யாரும் இல்லை, நீ.

தாளை வாங்கிக்கொண்டேன். எனக்கு எதிரே தலைமையாசிரியை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நான் வாசிப்பதைக் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சின்போது நீதான், 'அவருக்குக் கண்ணாடி வீட்டுல மறந்துபோச்சு' என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் காப்பாற்றினாய். யாராவது ஒரு முறை வாசித்து என் காதில் விழுந்திருந்தால் போதும், தாளைப் பிடித்துக்கொண்டே தடங்கல் இல்லாமல் ஒப்பித்திருப்பேன். அதை நான் ரயில் நிலையத்தில் மேலதிகாரி முன்னால் எத்தனை தடவை செய்திருக்கிறேன் தெரியுமா? ஆனால் அந்தத் தாளை நீ காலையிலிருந்து மனதுக்குள்ளேயே வாசித்தாய். என் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. தாளில் கறுப்பாக எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மனதில் தேடினால் ஒன்றும் இல்லை. காலி அலமாரி.

கண்ணாடி என்று சொல்லவும் வழி இல்லை. அன்றைக்கு நான் கண்ணாடி போட்டிருந்தேன்.

கையில் கரண்டி இருந்தது. குடித்தேன். 'இதுக்கு எதுக்கு வாசிப்பு, மீன் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு' என்றேன். சம்பந்திகள் சிரித்தார்கள், தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை. நான் தப்பித்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் யார் தலையில் ஏறி மிதித்துத் தப்பித்தேன் என்று தெரிந்தது.

இதுதான் நடுவில் நடந்தது. மட்டி திறந்துவிட்டது.

(தையற்காரர்: மடிக்கவில்லை. டீயும் வாங்கிக்கொள்ளவில்லை.)

க்ளோக் ரூம்

&nbsp;

ஏப்ரல் 1, செவ்வாய்

என்னங்க,

நீங்கள் சொன்னது சரி. உட்கார்ந்துவிட்டேன். நேற்று மதியத்திலிருந்து இன்று காலை வரை. தங்கச்சி டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது, மறுபடி கொண்டுவந்தாள்.

நான் நீட்டினேன் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்னால் நடந்திருக்கும். எப்படி நீட்டினேன் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கிண்டல் இல்லை, அலட்சியம் இல்லை. எனக்கு மறந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். பால் தேதி, கரண்ட் தேதி, மகள் பிறந்த நேரம், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்பது வரைக்கும் உங்களைத்தானே கேட்கிறேன். எல்லாம் தெரிந்த ஆள் என்றே உங்களை நினைத்து நினைத்து, உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதே எனக்கு எங்கோ போய்விட்டது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் படி. நூடுல்ஸைத் தனியாக வேகவைத்து, வடிகட்டி, கிண்ணத்தில் போடுங்கள். சூப்பை அடுப்பிலிருந்து இறக்கின பிறகு மீசோ என்ற அந்தப் பழுப்பு விழுதை ஒரு கரண்டிச் சூப்பில் கரைத்துச் சேருங்கள், அதற்கப்புறம் கொதிக்கக் கூடாது. மேலே வெங்காயத் தாள்.

அந்தக் கடைசி வரி என்ன தெரியுமா? நான் உங்களை வாசிக்கச் சொன்னேனே, அது. தாளை எடுத்துப் பார்த்தேன். 'சூடாகப் பரிமாறவும்.' அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு பேரும் ஒரு மாசம் ஆளுக்கொரு ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்?

ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். கோபம் இல்லை. நான் இருந்தால் ஏதாவது ஒரு கண்ணாடியைக் காரணம் சொல்லிவிடுவேன். இந்தத் தடவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்காரி

&nbsp;

ஏப்ரல் 7, திங்கள்

பெட்டிக்காரிக்கு,

கையெழுத்து இடத்தில் உன் பேர் திரும்பி வந்ததை முதலில் சொல்கிறேன். தையற்காரர் அதை வாசித்ததும், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

நேற்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடற்பாசித் தகட்டை முதல் குமிழியிலேயே எடுத்துவிட்டேன். சீவலை நர்ஸம்மாவே வந்து டப்பாவை முகர்ந்து பார்த்து, 'இது உங்களுது, பெரியப்பா, தைரியமா போடுங்க' என்று சான்றிதழ் கொடுத்தது. இருபது மட்டியில் பதினேழு திறந்தன. கணவாய்க்கு ஒரு நிமிஷத்தை நான் அறுபது எண்ணினேன், தையற்காரர் கடிகாரம் பார்த்தார், இரண்டும் ஒன்றாக முடிந்தன.

சம்பந்திகள் சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். கிண்ணத்தை வைக்கும் முன்னால் நின்றுகொண்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். 'சம்பந்தி, போன தடவை எம் பொண்டாட்டி கைல சூப்பு சரியாதான் இருந்திருக்கும். அவ எங்கிட்ட ஒரு தாளக் குடுத்து வாசிக்கச் சொன்னா. எனக்கு வாசிக்கத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அவ சமையல் மேல பழியப் போட்டேன். இதுதான் நடந்துச்சு. இப்ப சாப்பிடுங்க' என்றேன்.

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சொன்னார்: 'எனக்குச் சமைக்கத் தெரியாது, சம்பந்தி. கல்யாணமான நாள்ல இருந்து இவர்தான். யாராவது வீட்டுக்கு வந்தா, இவர் செஞ்சு வெச்சிருப்பார், நான் கரண்டியப் புடிச்சிக்கிட்டு அடுப்பு முன்னாடி நிப்பேன்.'

சம்பந்தி, 'அத ஏன் இப்பச் சொல்ற' என்றார். 'அவர் சொன்னாருல்ல' என்றார் அந்தம்மா. 'இன்னொன்னும் சொல்லிடறேன், போன தடவை சூப்ப நெனச்சு நான் சிரிக்கல. உங்க மூஞ்சி போன போக்கப் பார்த்துச் சிரிச்சேன், சம்பந்தி. பரீட்சை ஹால்ல பதில் தெரியாத மூஞ்சி எனக்குத் தெரியாதா?'

ஆக, அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் வீணாக மறைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு பேரும் கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்தார்கள். சம்பந்திக்குச் செய்முறை வேண்டுமாம். எழுதி வைத்த தாள் இல்லை என்றேன். சம்பந்தியம்மா கைப்பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்தார். நான் சொல்லச் சொல்லத் தலைமையாசிரியை எழுதினார். இரண்டு இடத்தில் 'கொஞ்சம் மெதுவா' என்று என்னைக் கேட்டுக்கொண்டார்.

உனக்கும் ஒரு கிண்ணம் வைத்திருந்தேன், உன் நாற்காலி முன்னால். ஆறுவதற்குள் தையற்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

(தையற்காரர்: போன தடவைக்கு ஈடாக. இதில் மீனுக்கான எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்.)

இனி நான் கேட்க ஒன்றும் இல்லை. படிகள் முடிந்துவிட்டன. வருவதும் வராததும் உன் இஷ்டம். நாற்காலி முறைப்பதை நிறுத்திவிட்டது, இப்போது கதவைப் பார்க்கிறது.

க்ளோக் ரூம்

&nbsp;

ஏப்ரல் 10, வியாழன்

என்னங்க,

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வரும் ரயிலில் வருகிறேன். ஐந்தாவது பெட்டி. வந்து இறக்கிக்கொள்ளுங்கள். பெட்டி கனம்.

டோக்கன் இல்லை. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பச்சைத் துண்டு, மருந்து டப்பா, தங்கச்சி கொடுத்த தேன் பாட்டில். இந்தத் தடவையும் உடையக் கூடாது. மூன்றாவதாக அந்தத் தாள் இருந்த இடத்தில் இப்போது வேறொரு தாள். செய்முறை முழுவதையும் படமாகப் போட்டிருக்கிறேன், ஒரு எழுத்துகூட இல்லாமல். உங்களுக்குத் தேவை என்று இல்லை, உங்களுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. எனக்குத்தான் மறந்துபோகிறது, அதனால் போட்டேன். கணவாய் குடை மாதிரி வந்திருக்கிறது என்று தங்கச்சி சிரிக்கிறாள்.

இன்னும் ஒன்று. தையற்கார அண்ணன் இதைச் சத்தமாக வாசிக்க வேண்டாம், அவர் காதோரமாக.

மார்ச் பன்னிரண்டாம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். 'அது தளதளவென்று கொதிக்கும்போது உன் தங்கை போன் பண்ணினாள்' என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஆனால் முதல் படியை நான் எழுதி அனுப்பினேனே, கொதிக்கவிடக் கூடாது, விட்டால் வாடை வந்துவிடும் என்று. அதைக் கேட்ட நிமிஷமே உங்களுக்கு விளங்கியிருக்கும். அன்றைக்கு நான் கொதிக்கவிட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டு நானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது நிஜம். அது மீன் கழுவின தண்ணிதான்.

தெரிந்தும் அதற்கப்புறம் வந்த மூன்று கடிதத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பந்தி முன்னால்கூட 'சரியாதான் இருந்திருக்கும்' என்றிருக்கிறீர்கள். நாற்பத்தொரு வருஷத்தில் உங்கள் வாய் முந்தாமல் நின்றது இதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் வருகிறேன்.

சனிக்கிழமை மதியம் நீங்கள்தான் சமையல். சூடாகப் பரிமாறவும்.

பெட்டிக்காரி